சம்மன் வந்தால் சம்பளம் போகுமா?

வாசகர் கேள்வி – பதில்

வீடுகளில் குழந்தை பார்க்கும் வேலையில் இருப்பவர்களும், அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும் கோர்ட்டு சம்மன் பற்றிக் கேட்ட கேள்விகள் இந்த இதழில். நீதிமன்ற நடைமுறையும் தொழிலாளர் சட்டமும் தெரிந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

தஞ்சாவூரில் ஒரு வீட்டில் ஒன்றரை வயசுக் குழந்தையைப் பார்த்துக்கறேன். மாசம் 9,000 ரூபாய் சம்பளம். போன வருஷம் ரோட்டில் நடந்த பைக் விபத்தை நேரில் பார்த்தேன். இப்போ சாட்சி சொல்ல வரச் சொல்லி சம்மன் வந்திருக்கு. வேலை பார்க்கிற வீட்டு அம்மா, “போனா அன்னைக்குச் சம்பளம் கிடையாது” என்கிறார். போகாம இருந்தா என்ன ஆகும்? கோர்ட்டில் காசு தருவாங்களா?
– வாசகி, திருவையாறு

போகத்தான் வேண்டும். சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு போகாமல் இருந்தால், அடுத்து வருவது பெரும்பாலும் வாரன்ட். நியாயமான காரணம் இல்லாமல் வராத சாட்சிக்கு அந்த நீதிமன்றமே சுருக்கமாக விசாரித்து 500 ரூபாய் வரை அபராதம் போடலாம். வேண்டுமென்றே தவிர்த்தார் என்று தனி வழக்கே வந்தால், குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 208-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை வெறுங்காவல், 10,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. ஒரு நாள் சம்பளத்துக்காக இந்த வம்பு வேண்டாம். உடம்பு முடியாமல் போனால் மருத்துவச் சான்றை யாரிடமாவது கொடுத்து அன்று காலையே கோர்ட்டில் சேர்ப்பியுங்கள். இரண்டு நாள் கழித்துக் கொண்டுபோனால் அதற்குள் வாரன்ட் போய்விடும்.

முதலில் சம்மனை நிதானமாகப் படியுங்கள். மேலே கோர்ட்டின் பெயர் இருக்கும். அதன் கீழே வழக்கு எண். ‘சி.சி.’ என்று இருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும் குற்ற வழக்கு. ‘எஸ்.சி.’ என்றால் செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கும் பெரிய குற்ற வழக்கு. ‘எம்.சி.ஓ.பி.’ என்று இருந்தால் அது அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு. ஒரே விபத்துக்கு இரண்டு வழக்கும் தனித்தனியாக நடக்கும். நேரில் பார்த்தவரை இரண்டிலும் கூப்பிடலாம். ‘ஒரு தடவை சொல்லியாச்சே’ என்று இரண்டாவது சம்மனை ஒதுக்கிவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். சம்மன் இரண்டு பிரதி வரும். ஒன்றின் பின்பக்கம் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், மற்றொன்று உங்களுக்கு. உங்கள் பிரதியை மறக்காமல் வாங்குங்கள். வேலை பார்க்கும் வீட்டில் காட்டவும், கோர்ட்டில் படி கேட்கவும் அதுதான் ஆதாரம்.

இனி காசு. குற்ற வழக்கில் சாட்சிக்கு நியாயமான செலவை அரசு கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது குற்ற வழக்கை நடத்தும் முறையைச் சொல்லும் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 350-ஆம் பிரிவு. இதைத்தான் கோர்ட்டில் பேட்டா, சாட்சிப் படி என்பார்கள். ‘உத்தரவிடலாம்’ என்றுதான் சட்டம் சொல்கிறதே தவிர, தானாகக் கைக்கு வந்துவிடும் என்று சொல்லவில்லை. வாய் திறந்து கேட்டால்தான் உண்டு. சாட்சி சொல்லி முடித்துக் கூண்டை விட்டு இறங்குவதற்கு முன்பே, “ஐயா, படி வேண்டும்” என்று நீதிபதியிடம் பணிவாகச் சொல்லலாம். அதற்குக் கூச்சமாக இருந்தால் அரசு வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிறகு பெஞ்ச் கிளார்க்கிடம் போய்ச் சம்மன் பிரதி, ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்க நகல், பஸ் டிக்கெட் ஆகியவற்றைக் காட்டுங்கள். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால் திருவையாற்றிலிருந்து அதில் வந்தால் பஸ் செலவு என்று கேட்க எதுவும் இருக்காது. சாப்பாட்டுப் படியைக் கேட்க அது தடையில்லை. சாட்சியம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிட்டு, பத்து நாள் கழித்துப் போய்க் கேட்டால் அலைச்சல்தான் மிஞ்சும்.

ஆனால் பேட்டா என்பது வழிச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுப்பது. உங்கள் ஒரு நாள் சம்பளத்துக்கு அது ஈடாகாது. வீட்டு வேலை செய்பவருக்கு சாட்சி நாளுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் இங்கே இல்லை. ஆகவே சட்டத்தைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். சம்மன் வந்த அன்றே அதைக் காட்டி, அந்த நாளுக்கு என்ன செய்வது என்று பேசி முடியுங்கள். கோர்ட்டிலிருந்து கிளம்பும்போது, நீங்கள் வந்திருந்ததற்கு, தேதியும் நேரமும் போட்ட வருகைச் சான்று ஒன்றை பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டு வாங்குங்கள். “கோர்ட்டுக்குப் போனேன்னு சொல்லிட்டு கல்யாணத்துக்குப் போயிட்டா” என்ற பேச்சுக்கு அந்தத் துண்டுக் காகிதம்தான் பதில்.

மூணு தடவை கோர்ட்டுக்குப் போய்விட்டேன். ஒரு நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு, ஒரு நாள் ஐயா லீவு, ஒரு நாள் எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று வாய்தா. மூணு நாள் சம்பளமும் போச்சு. இதற்கு வழியே இல்லையா?
– வாசகி, மன்னார்குடி

மூன்றும் ஒரே கணக்கில் வராது. நீதிபதி விடுப்பில் இருந்தால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் பார்க்க வேண்டும். சம்மனில் உள்ள போலீஸ் ஸ்டேஷனின் கோர்ட்டு காவலருக்கு முந்தின நாள் மாலையும் அன்று காலை எட்டு மணிக்கும் ஒரு போன் செய்யுங்கள். ‘இ-கோர்ட்ஸ்’ செயலியில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த தேதி தெரியும். ஆனால் அன்றைக்குக் காலையில் ஏற்படும் மாற்றம் அதில் உடனே ஏறாது, போன்தான் நம்பகம். ‘லீவாம்’ என்று யாரோ சொன்னதை நம்பிப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பொறுப்பு நீதிபதி வந்து பெயரைக் கூப்பிட்டுவிடுவார்.

எதிர்த்தரப்பு வக்கீல் வராத நாள் வேறு. சாட்சி வந்து நிற்கும்போது, எழுத்தில் பதிவு செய்யத்தக்க தனிக் காரணம் இல்லாமல் அவரை விசாரிக்காமல் வாய்தா கொடுக்கக் கூடாது. சுரக்ஷா சன்ஹிதா 346-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது காரணம் ஆகாது என்றும் அங்கேயே இருக்கிறது. வாய்தா கேட்கிற தரப்பு சாட்சியின் செலவைக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்களுக்காக இதைக் கேட்க வேண்டியவர் அரசு வக்கீல். காலை பத்தரைக்குக் கோர்ட்டு உட்காருவதற்கு முன்பே அவரைப் பார்த்து, “மூன்றாவது தடவை வருகிறேன், கூலி வேலை, இன்றைக்கு முடித்துவிடுங்கள்; முடியாவிட்டால் செலவுத் தொகை கேளுங்கள்” என்று சொல்லுங்கள். டவாலி பெயர் கூப்பிட்ட பிறகு வராந்தாவில் நின்று புலம்பினால் காதில் விழாது.

விசாரணை நடக்காத நாளுக்கும் படி கேட்கலாம். நீங்கள் வந்தது வந்ததுதான். இன்னொன்று: முதல் விசாரணை முடிந்து, குறுக்கு விசாரணையைத் தள்ளி வைத்து, மாதங்கள் கழித்து மறுபடி அழைப்பது நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் சர்வ சாதாரணம். மறு அழைப்பு கேட்டு மனுப் போடுவது எதிர்த்தரப்பு என்றால், அந்த நாளின் செலவை அவர்கள் தலையில் கட்டும்படி அரசு வக்கீல் கேட்கலாம். பல சமயம் கிடைக்கவும் செய்யும்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். எட்டு மாதக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு சாட்சி சம்மன். அவரை வராமல் இருக்க அனுமதிக்கும்படி நாங்கள் கோர்ட்டுக்கு எழுதலாமா? அன்றைக்குச் சம்பளம் பிடிப்பது தவறா?
– வாசகி, கும்பகோணம்

உங்கள் கடிதத்துக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை. வேறு தேதி வேண்டுமென்றால் அந்த அக்காவே, தகுந்த காரணத்தோடு, அரசு வக்கீல் மூலம் கேட்க வேண்டும். ‘வீட்டுக்காரர் விடவில்லை’ என்பதைக் காரணமாக எழுதினால் உங்கள் பெயர்தான் கெடும்.

சம்பளம் பற்றி எங்கள் கருத்து: முழு நாள் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். அவர் ஊர் சுற்றப் போகவில்லை, ஊருக்காகப் போகிறார். பிடித்தே தீருவேன் என்றால் கணக்கையாவது ஒழுங்காகப் போடுங்கள். மாதம் 9,000 ரூபாயை 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 300. வேலை நாள் 26-ஆல் வகுத்தால் 346. ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக வந்த நாளுக்கு 300 கொடுத்துவிட்டு, வராத நாளுக்கு 346 பிடிக்கும் வீடுகள் இருக்கின்றன. எந்த எண்ணால் வகுக்கிறீர்களோ, கூட்டவும் கழிக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்று ஆளுக்குக் கொடுத்த 500 ரூபாயை இவர் கணக்கில் எழுதவே கூடாது. மதியம் ஒரு மணிக்கு முடித்துவிட்டு இரண்டு மணிக்கு வந்தவருக்கு அரை நாளுக்கு மேல் பிடிப்பதும் அநியாயம். கோர்ட்டு கொடுத்த படியைச் சம்பளத்தில் கழிக்காதீர்கள், அது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போன காசு.

சம்பளப் பேச்சை விடக் கடினம், அன்றைக்குக் குழந்தையை யார் பார்ப்பது என்பது. மேட்டூர் திறந்து குறுவை நடவு ஓடும் நாட்களில் கும்பகோணத்தைச் சுற்றி ஒரு நாளைக்கு மட்டும் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. சம்மன் கைக்கு வந்ததுமே பாட்டியோ சித்தியோ வர முடியுமா என்று பாருங்கள், அல்லது உங்களில் ஒருவர் விடுப்பு போடுங்கள். புது ஆள் என்றால், அக்கா இருக்கும்போதே முந்தின நாள் இரண்டு மணி நேரம் வந்து குழந்தையோடு பழகட்டும். எட்டு மாதத்தில் முகம் பார்த்து அழும் பருவம். காலையில் கதவைத் திறந்து புது முகத்திடம் நீட்டினால் நாள் முழுக்க அழுகைதான். எத்தனை மணிக்குக் கஞ்சி, எத்தனை மணிக்குத் தூக்கம், எந்தப் போர்வை, எந்தத் தாலாட்டு என்று அக்காவையே சொல்லச் சொல்லி எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கலக்கிய பவுடர் பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், குழந்தை வாய் வைத்த பாட்டிலை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இதையும் அதில் எழுதுங்கள். மாற்று ஆள் செய்யும் தவறு பெரும்பாலும் இங்கேதான்.

குழந்தையையும் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகச் சொல்லும் யோசனை வேண்டவே வேண்டாம். அவர் கூண்டில் நிற்கும் அரை மணி நேரம் குழந்தை யார் கையில் இருக்கும்?

நான் வேலை பார்க்கும் தெருவில் திருட்டு. “ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிட்டுப் போம்மா” என்கிறார்கள். போக வேண்டுமா?
– வாசகி, நாகப்பட்டினம்

சாட்சி என்ற முறையில் கூப்பிட்டால், பெண்களை அவர்கள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்பது சுரக்ஷா சன்ஹிதா 179-ஆம் பிரிவு. நீங்களே விரும்பினால் போகலாம். வீட்டில் வந்து கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை. வேலை நேரம் முடிந்து உங்கள் வீட்டுக்கு வரச் சொன்னால் சம்பள நஷ்டமும் இல்லை. சந்தேகத்தின் பேரில் கூப்பிடுவதாகத் தெரிந்தால் மட்டும் தனியாகப் போகாதீர்கள். முதலில் சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

முன்பு சென்னையில் ஒரு வீட்டில் நான்கு வருடம் தங்கிக் குழந்தை பார்த்தேன். இப்போது அந்தத் தம்பதிக்குள் விவாகரத்து, குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு. அந்த அம்மாவின் பக்கத்தில் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். இப்போது மாயவரத்தில் வேறு வீட்டில் வேலை. போகாமல் இருக்கலாமா? செலவு யாருடையது?
– வாசகி, மயிலாடுதுறை

இது சிவில் வழக்கு. இதில் செலவு சாட்சியைக் கூப்பிடும் தரப்புடையது. சம்மன் கேட்கிறவர் வழிச்செலவையும் ஒரு நாள் படியையும் கோர்ட்டில் முன்கூட்டியே கட்ட வேண்டும். சம்மன் கொண்டுவரும் கோர்ட்டு ஊழியரான அமீனா அதை நேரில் கொடுக்கும்போதே அந்தத் தொகையையும் நீட்ட வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆம் கட்டளை. தொகை போதாவிட்டால் கூடுதலாகக் கட்டும்படி கோர்ட்டைக் கேட்கலாம். ஒரு நாளுக்கு மேல் காக்க வைத்தால் அந்த நாட்களுக்கும் உண்டு. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் வர வேண்டாம் என்று ஒரு விதி இருப்பதாகச் சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. ஆறில் ஐந்து பங்கு தூரத்துக்கு ரயிலோ பொதுப் போக்குவரத்தோ இருந்தால் 500 கிலோமீட்டருக்குள் இருப்பவரை நேரில் வரச் சொல்லலாம். மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்கு நேர் ரயில் இருக்கிறது. ஆகவே தூரத்தைக் காட்டித் தப்ப முடியாது. வீடியோ மூலம் சாட்சி சொல்ல அனுமதிக்கும்படி அந்த அம்மாவின் வக்கீலை மனுப் போடச் சொல்லுங்கள். கிடைத்தால் ரயில் செலவும் இரண்டு நாள் சம்பளமும் மிச்சம்.

இதில் மாட்டிவிடும் இடங்கள் இரண்டு. முதல் விசாரணையை நீங்கள் பெரும்பாலும் வாயால் சொல்ல மாட்டீர்கள். வக்கீல் தயாரித்த நிரூபண வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கித் தாக்கல் செய்வார்கள். ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘தந்தை தினமும் குடித்துவிட்டு வருவார்’ என்று எழுதியிருந்து, நீங்கள் பார்த்தது இரண்டு தடவைதான் என்றால் அந்த வரியைத் திருத்தாமல் கையெழுத்துப் போடாதீர்கள். குறுக்கு விசாரணையில் அந்த ‘தினமும்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே உங்கள் மொத்த சாட்சியத்தையும் உடைப்பார்கள்.

இரண்டாவது, பணம். ‘சாட்சி சொல்ல எவ்வளவு வாங்கினீர்கள்?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். ரயில் டிக்கெட், சாப்பாடு, தங்கும் செலவு, இரண்டு நாள் சம்பள நஷ்டம் என்று கணக்கு எழுதி, அந்தத் தொகையை மட்டும், முடிந்தால் வங்கிக் கணக்கு மூலமாகவே வாங்குங்கள். அப்போது “இவ்வளவு வாங்கினேன், இதற்காக வாங்கினேன்” என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். பழைய பாசத்தில் அந்த அம்மா புடவையும் ஐயாயிரமும் கையில் திணித்தால், வழக்கு முடியட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

மகள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு ‘ஜூரி டியூட்டி’ வந்திருக்கிறதாம். அன்றைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறாள். நம் நாட்டில் இது ஏன் இல்லை?
– வாசகர், திருவாரூர்

பொதுமக்களில் சிலரை அழைத்து உட்காரவைத்து, குற்றவாளியா இல்லையா என்று அவர்களையே முடிவு சொல்ல வைப்பதுதான் ஜூரி முறை. அது நம் நாட்டிலும் இருந்தது. 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி மீது நடந்த கொலை வழக்கில் ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமற்றவர் என்று சொல்ல, அதை ஏற்காத செஷன்ஸ் நீதிபதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே தண்டனை கிடைத்தது, 1961-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்த வழக்கோடு ஜூரி முறை முடிந்தது என்பார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1958-இல், சட்ட ஆணையம் அதை எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்திருந்தது. 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

மகள் விஷயத்துக்கு வருவோம். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. மாசசூசெட்ஸில் முறையாக வேலையில் இருக்கும் ஜூரருக்கு முதல் மூன்று நாள் வழக்கமான சம்பளத்தை வேலை கொடுப்பவர்தான் தர வேண்டும். வீட்டில் ஒரே ஒரு ஆளை வைத்திருக்கிறோம் என்பதால் தானாக விலக்கு வராது. தாங்க முடியாத பண நெருக்கடி என்றால் கோர்ட்டில் விண்ணப்பித்துத்தான் கேட்க வேண்டும். நான்காம் நாளிலிருந்து மாநிலம் நாளுக்கு 50 டாலர் கொடுக்கும். பெரும்பாலும் ஒரே நாளில், அல்லது ஒரே வழக்கோடு முடிந்துவிடும். நியூ ஜெர்சியில் நிலைமை வேறு: முதல் மூன்று நாளுக்கு நாள் ஒன்றுக்கு மாநிலம் தரும் 5 டாலர்தான். அங்கே வீட்டுக்காரரின் மனசைப் பொறுத்த விஷயம்.

அழைப்பு வந்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவது சட்ட விரோதம். தேதி சரிப்படாவிட்டால் அந்தப் பெண்ணே மாசசூசெட்ஸில் ஓராண்டுக்குள் வேறு தேதி கேட்டு வாங்கலாம். மகள் ஊரில் இல்லாத வாரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இருவருக்கும் சௌகரியம். அவர் அமெரிக்கக் குடியுரிமை பெறாதவர் என்றால் ஜூரியாக உட்கார முடியாது. அதற்காக அழைப்பைக் குப்பையில் போடக் கூடாது. குடியுரிமை இல்லை என்று படிவத்தில் குறித்துத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும்.

அங்கே குழந்தை பார்ப்பவரை வேலைக்கு எடுக்கும்போதே ஒப்பந்தத்தில் ஜூரி நாளுக்கு ஒரு வரி எழுதிவிடுவது வழக்கம். தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து வீடுகளும் பால் கணக்கு நோட்டிலாவது இப்படி ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்: ‘கோர்ட்டு சம்மன் வந்தால் வருடத்துக்கு மூன்று நாள் வரை முழுச் சம்பளம். சம்மன் பிரதியும் வருகைச் சான்றும் காட்ட வேண்டும். பேட்டா அவருக்கே. நாலாவது நாளிலிருந்து பாதிச் சம்பளம், அல்லது ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடு செய்யலாம்.’